1:2 சுத்து போட்டும் 1:4 வரல: சிப்புக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர்

கேள்வி, ஜூன் 3, மாலை 6:15

எம்.எஸ். ப்ராஜெக்ட். 65 நானோமீட்டர் சிமாஸ் (சிலிக்கான் சிப் தயாரிப்பு முறை), 5.5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பவர் ஆம்ப்ளிஃபயர். அவுட்புட்ல டிரான்ஸ்ஃபார்மர் பேலன் (எதிரெதிரா ஆடற ரெண்டு முனை சிக்னலை ஒத்தை முனையாக்கறது): பிரைமரி ஒரு சுத்து, செகண்டரி ரெண்டு சுத்து, ஒரே மேல் மெட்டல்ல இன்டர்லீவ், அதாவது ஒண்ணுக்குள்ள ஒண்ணா. ரெண்டு சுத்துன்னா இம்பிடன்ஸ் நாலு மடங்கு, அதனால 50 ஓம் லோடு டிரான்சிஸ்டர் பக்கம் 12.5 ஓமா தெரியணும். இஎம் (மின்காந்தப் புலம்) சிமுலேஷன்ல 5.3 + ஜே12.6 ஓம் வருது, ஜே போட்டது ரியாக்டிவ் பகுதி. பிரைமரி 0.45 நானோஹென்றி, க்யூ (காயில்ல லாஸ் எவ்வளவு கம்மிங்கற அளவு) 11. செகண்டரி 1.2 நானோஹென்றி, க்யூ 9. கே, அதாவது ரெண்டு காயிலுக்கும் உள்ள காந்தப் பிணைப்பு, 0.72. கே கம்மியா இருக்கறதுதான் பிரச்சனைன்னு நினைக்கிறேன். ஸ்டேக்டா (ஒரு காயில் மேல இன்னொண்ணு) மாத்தி 0.9க்கு மேல கொண்டுபோனா சரியாயிடுமா?

பதில், ஜூன் 3, இரவு 9:50

மாத்த வேண்டாம். சிமுலேஷன் சரியாதான் இருக்கு, 12.5ங்கற எதிர்பார்ப்புதான் இந்த இடத்துக்குப் பொருந்தாது. அந்த நாலு மடங்கு கணக்கு மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு. அங்க இரும்புக் கோர் இருக்கு, கே கிட்டத்தட்ட 1, காயிலோட ரியாக்டன்ஸ் (ஏசிக்கு அது காட்டற எதிர்ப்பு) லோடை விடப் பல மடங்கு பெருசு. இங்க கோரே கிடையாது. உங்க செகண்டரியோட ரியாக்டன்ஸ் 5.5 ஜிகாஹெர்ட்ஸ்ல 41.5 ஓம், லோடு 50 ஓம். லோடும் காயிலும் ஒரே அளவுல நிக்குது, அப்புறம் எப்படி காயிலைக் கண்டுக்காம விட முடியும்?

பேப்பர்ல போட்டுப் பாருங்க, சிமுலேட்டரே வேண்டாம். பிரைமரி ரியாக்டன்ஸ் 15.55 ஓம். மியூச்சுவல் (ரெண்டுக்கும் பொதுவான இண்டக்டன்ஸ்) 0.53 நானோஹென்றி, அதோட ரியாக்டன்ஸ் 18.3. செகண்டரி ரெசிஸ்டன்ஸ் 41.5 வகுத்தல் க்யூ 9, அதாவது 4.6 ஓம். பிரைமரி ரெசிஸ்டன்ஸ் 1.4. செகண்டரி சுத்துவட்டத்தோட மொத்த இம்பிடன்ஸ் 54.6 + ஜே41.5. 18.3ஐ வர்க்கம் பண்ணி இதால வகுத்தா 3.9 − ஜே2.95. பிரைமரியோட சொந்த 1.4 + ஜே15.55ஐக் கூட்டினா 5.3 + ஜே12.6. உங்களுக்கு வந்த அதே எண்.

ஆக சிப்புல இருக்கறது டிரான்ஸ்ஃபார்மர்ங்கற பேர்ல ரெண்டு இண்டக்டர், ரெண்டும் லாஸ் உள்ளது, நடுவுல ஒரு மியூச்சுவல். ரேஷியோவை சுத்து மட்டும் தீர்மானிக்கறதில்ல. கெப்பாசிட்டரை எங்க வைக்கிறீங்கங்கறதும் சேர்ந்து தீர்மானிக்குது.

ஜூன் 3, இரவு 10:30

கடைசி வரி வாய்ப்பந்தல் மாதிரி படலாம், எண்ணோட சொல்றேன். உங்க அதே டிரான்ஸ்ஃபார்மர். டிரான்சிஸ்டருக்கு இணையா நிக்கற ரெசிஸ்டன்ஸை மட்டும் பாருங்க. ரியாக்டிவ் பகுதியை டிரான்சிஸ்டரோட டிரெயின் (அவுட்புட் முனை) கெப்பாசிட்டன்ஸ் சரிக்கட்டிடும்னு வெச்சுக்குவோம்.

செகண்டரியில ஒண்ணுமே வைக்கலைன்னா: 35 ஓம்.

லோடுக்கு இணையா 0.58 பிக்கோஃபாரட் வெச்சா: பிரைமரியில 10 + ஜே10.75, இணையா மாத்தினா 21.6 ஓம்.

லோடுக்குத் தொடரா 0.70 பிக்கோஃபாரட் வெச்சா: 7.5 + ஜே15.55, இணையா 39.6 ஓம்.

சுத்து மாறல, லேஅவுட் மாறல, ஒரே ஒரு கெப்பாசிட்டர் இடம் மாறுது. 22லிருந்து 40 வரைக்கும் போகுது. இதுல எதை "ரேஷியோ"ன்னு சொல்றது?

எஃபிஷியன்சியும் பாருங்க. ஒண்ணும் வைக்காம 67 சதவீதம். இணையா வெச்சா 72.6. தொடரா வெச்சா 74.4. இந்த கே, இந்த க்யூவுக்கு எந்த கொம்பன் வந்தாலும் எடுக்கக்கூடிய உச்சம் 75.7 சதவீதம், அதாவது 1.2 டெசிபெல் லாஸ். தொடர் கெப்பாசிட்டர் அந்த உச்சத்தைத் தொட்டுக்கிட்டு நிக்குது. ஆனா அதுல ஆன்டெனா பக்கத்து மின்னோட்டம் முழுசும் சிப் கெப்பாசிட்டர் வழியா போகணும், ஈஎஸ்டி (நிலைமின் பாதுகாப்பு) ஆளுங்க முகம் சுளிப்பாங்க. பெரும்பாலான டிசைன்ல இணையாதான் வைக்கறாங்க, அந்தக் கெப்பாசிட்டன்ஸ்ல ஒரு பகுதியை பேட் (சிப்போட வெளி இணைப்புத் தட்டு) தானாவே தந்துடும்.

ஜூன் 4, காலை 7:40

நடுவுல ஒருத்தர், "ரெண்டு சுத்துக்கு இண்டக்டன்ஸ் நாலு மடங்கு வரணுமே, 0.45க்கு 1.8 வரணும், 1.2தான் வந்திருக்கு, மெஷ் தப்பா இருக்கும்"னு எழுதியிருக்கார். மெஷ் (சிமுலேட்டர் காயிலைத் துண்டு போடற வலை) மேல பழி போட வேண்டாம். ரெண்டாவது சுத்து முதல் சுத்து மேலயே உக்காந்திருந்தாதான் நாலு மடங்கு. இங்க அது உள்ளே போகுது: விட்டம் சின்னது, வெளிச் சுத்தோட கப்ளிங்கும் முழுசா இல்ல.

ஸ்டான்ஃபோர்ட்ல மோகன், ஹெர்ஷென்சன், பாய்ட், லீ 1999ல போட்ட சூத்திரத்தை வெச்சே பார்க்கலாம். எண்கோண வடிவத்துக்கு: 2.25 பெருக்கல் மியூ நாட் (வெற்றிடத்தோட காந்த மாறிலி), பெருக்கல் சுத்து எண்ணிக்கையோட வர்க்கம், பெருக்கல் சராசரி விட்டம், வகுத்தல் (1 + 3.55 ரோ). ரோங்கறது காயில் எவ்வளவு நிரம்பியிருக்குங்கற அளவு. 200 மைக்ரான் சராசரி விட்டம், 12 மைக்ரான் அகலம், ஒரு சுத்து: 0.47 நானோஹென்றி. வெளி விட்டம் 225, உள் விட்டம் 165, ரெண்டு சுத்து: 1.43. மூணு மடங்குதான். உங்களோடது இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும், அதனால 1.2.

இந்தச் சூத்திரம் ஃபீல்ட் சால்வரோட (இஎம் சிமுலேட்டரோட) சில சதவீத வித்தியாசத்துல ஒத்துப்போகும். அரை மணி நேரம் மெஷ் ஓடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல இதைப் போட்டு வெச்சுக்குங்க. சால்வர் தர்ற எண்ணை நம்பலாமா வேண்டாமான்னு தெரியறதுக்காவது உதவும்.

ஜூன் 4, இரவு 11:05

இப்ப ஸ்டேக்டு. "கே ஏறினா எல்லாம் சரி"ங்கற நம்பிக்கை நிறைய பேர்கிட்ட இருக்கு, எனக்கும் ஒரு காலத்துல இருந்தது. கணக்கு என்ன சொல்லுது?

ரெண்டு பக்கமும் க்யூ 10னு வெச்சுக்குங்க. கே 0.6ன்னா உச்ச எஃபிஷியன்சி 72 சதவீதம். 0.8ன்னா 78. 0.9ன்னா 80. கேவை 0.6லிருந்து 0.9க்கு இழுத்துக்கிட்டு வந்ததுக்கு மொத்த லாபம் அரை டெசிபெல். இதுக்குப் பதிலா கே 0.8லயே நிக்கட்டும், க்யூவை 10லிருந்து 15க்குக் கொண்டுபோங்க: 85 சதவீதம். லாஸ்ல எடை போடறது கேயும் க்யூவும் சேர்ந்த பெருக்கல்தான். அது ரெண்டுல எது கைக்கு எட்டுதோ அதைப் பிடிக்கணும்.

ஸ்டேக்டுல கே கிடைக்கும், க்யூ போயிடும். மேல் மெட்டல் 3.4 மைக்ரான் தாமிரம்னா ஒரு சதுரத்துக்கு (நீளமும் அகலமும் சமமான துண்டுக்கு) 5 மில்லிஓம். அதுக்குக் கீழ உள்ளது உங்க ப்ராசஸ்ல என்ன தடிமன்னு பாருங்க. ரெண்டு தடி மெட்டல் உள்ள ஸ்டேக்னா நீங்க யோகக்காரர். ஒண்ணு தடி, மத்ததெல்லாம் மெல்லிசுன்னா ஒரு பக்கத்து க்யூ 4, 5ன்னு விழுந்துடும், கே 0.9 வந்து என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு கெப்பாசிட்டன்ஸ். 12 மைக்ரான் அகலம், 200 மைக்ரான் விட்டத்து எண்கோணத்தோட சுற்றளவு 660 மைக்ரான் சொச்சம். ரெண்டு தட்டுக்கு நடுவுல 1 மைக்ரான் ஆக்சைடுன்னா 0.27 பிக்கோஃபாரட். 5.5 ஜிகாஹெர்ட்ஸ்ல 105 ஓம். 50 ஓம் சர்க்யூட்டுல பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல யாரும் கேக்காம ஒரு 105 ஓம் பாலம். கப்ளிங் காந்தப்புலத்துல நடக்குதா, இந்தப் பாலத்துல நடக்குதான்னே தெரியாமப் போயிடும்.

ஜூன் 5, காலை 8:15

அந்தப் பாலம் என்ன பண்ணும்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு வேலை பண்ணும், ரெண்டுமே தொல்லை.

முதல்ல பேலன்ஸ். செகண்டரியோட ஒரு முனை கிரவுண்ட், இன்னொரு முனை ஆன்டெனா. பிரைமரியோட ரெண்டு முனையும் எதிரெதிர் ஃபேஸ்ல ஆடுது. ஆன்டெனா முனையோட அதே ஃபேஸ்ல ஆடற பக்கத்துக்கு, நடுவுல உள்ள கெப்பாசிட்டன்ஸ்ல விழற மின்னழுத்தம் கம்மி. எதிர் பக்கத்துக்கு அதிகம். அதனால ரெண்டு டிரான்சிஸ்டருக்கும் வேற வேற லோடு தெரியும். ஒண்ணு முன்னாடியே கம்ப்ரெஸ் ஆகும், இன்னொண்ணு சும்மா நிக்கும். பேப்பர்ல சிமெட்ரி அச்சு அசலா இருக்கும், சிப்புல ரெண்டாவது ஹார்மோனிக் எட்டிப் பார்க்கும். ரெண்டு டிரெயின் மின்னழுத்தத்தையும் தனித்தனியா ப்ளாட் பண்ணிப் பாருங்க. வித்தியாசத்தை மட்டும் ப்ளாட் பண்ணினா இது கண்ணுல படவே படாது.

ரெண்டாவது, ஃபேஸ். செகண்டரியில எந்த முனையைக் கிரவுண்ட் பண்றீங்கங்கறதைப் பொறுத்து டிரான்ஸ்ஃபார்மர் நேராகவோ தலைகீழாகவோ வேலை செய்யும். குறைஞ்ச ஃப்ரீக்வென்சியில ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. நேரான இணைப்புல, ரெண்டு போர்ட்டுக்கும் நடுவுல மியூச்சுவலால ஒரு இண்டக்டர் இருக்கற மாதிரி கணக்கு வரும். அதோட அளவு, ரெண்டு இண்டக்டன்ஸோட பெருக்கல்ல மியூச்சுவலோட வர்க்கத்தைக் கழிச்சு, மியூச்சுவலால வகுத்தா கிடைக்கும். உங்க எண்ணுக்கு 0.49 நானோஹென்றி. அதுக்கு இணையா அந்த 0.27 பிக்கோஃபாரட் பாலம் நின்னா 13.8 ஜிகாஹெர்ட்ஸ்ல ரெசனன்ஸ், அங்க சிக்னல் போகாது. தலைகீழ் இணைப்புல அந்த இண்டக்டர் நெகட்டிவ்வா வரும், கெப்பாசிட்டரோட ரெசனேட் ஆகாது, பள்ளமும் இல்ல.

எஸ்21ல (ஒரு போர்ட்லருந்து இன்னொண்ணுக்குப் போற சிக்னல் அளவுல) திடீர்னு பள்ளம் வந்தா செகண்டரி முனையைத் திருப்பிப் போட்டு ஓட்டிப் பாருங்க. பள்ளம் காணாமப் போச்சுன்னா பாலம்தான் ஆளு.

ஜூன் 5, மதியம்

"அந்தப் பள்ளத்தை வேணும்னே 11 ஜிகாஹெர்ட்ஸ்ல கொண்டுவந்து நிறுத்தி ரெண்டாவது ஹார்மோனிக்கை விழுங்க வைக்கலாமே"ன்னு ஒருத்தர். செய்யலாம். ப்ராசஸ் கொஞ்சம் நகர்ந்தா பள்ளமும் நகரும். உங்க டேப்-அவுட்டுக்கு (சிப் தயாரிக்க அனுப்பறதுக்கு) வேண்டாம், பேப்பர் எழுதறதுக்கு வேணா வெச்சுக்குங்க.

ஜூன் 7, இரவு 10:20

டம்மி ஃபில் (காலி இடத்தை நிரப்பற சும்மா மெட்டல் துண்டு) பத்தி யாருமே கேக்கல, கேக்காம விட்டதுதான் கடிக்கும்.

முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரு சிப் வந்தது. அவுட்புட் உச்சி 5.5 பக்கம் இருக்க வேண்டியது, 200 மெகாஹெர்ட்ஸ் கீழ உக்காந்திருந்தது. பவரும் கொஞ்சம் கம்மி. மாடல் சரியில்ல, பேக்கேஜ் சரியில்ல, போர்டு சரியில்லன்னு மீட்டிங் மேல மீட்டிங். கடைசியில லேப்ல ஒருத்தர் சிப்பை மைக்ராஸ்கோப்ல வெச்சு ஃபோகஸை மெதுவா கீழ இறக்கினார். மேல் மெட்டல் வளையம் மங்கலாச்சு. அதுக்கு அடியில, காயிலுக்கு நேர் கீழ, வரிசை வரிசையா சின்னச் சின்னச் சதுரம், கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. ஃபவுண்ட்ரி (சிப் தயாரிக்கிற ஆலை) கேக்கற மெட்டல் டென்சிட்டியை எட்டறதுக்காக ராத்திரி ஓடின ஃபில் ஸ்க்ரிப்ட், காயிலைச் சுத்தி வரைஞ்சிருந்த விலக்கு லேயரை ஒரு மெட்டலுக்கு மட்டும் மதிச்சிருக்கு. மத்த மெட்டல்ல எல்லாம் புகுந்து நிரப்பிட்டுது.

சதுரம் ஒவ்வொண்ணும் சின்னது, அதுல சுழல் மின்னோட்டம் பெருசா ஓடாது. ஆனா கெப்பாசிட்டன்ஸ் ஏறும். உச்சி 4 சதவீதம் கீழ போக, மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 8 சதவீதம் ஏறினா போதும்.

எல்லா மெட்டலுக்கும் தனித்தனியா விலக்கு லேயர் இருக்கான்னு பாருங்க. ஃபில் முடிஞ்ச பிறகு வர்ற ஜிடிஎஸ் லேஅவுட் கோப்பைத் திறந்து கண்ணால பாருங்க. மொத்தமா விலக்கவும் முடியாது, டிஆர்சி (லேஅவுட் விதிச் சோதனை) டென்சிட்டி விதி விடாது. அப்ப நீங்களே ஃபில் போட்டு, அதோட சேர்த்தே இஎம் ஓட்டணும். ஃபில்லை அப்படியே மெஷ் பண்ணினா சால்வர் விடியற வரைக்கும் ஓடும். அந்த அடுக்கோட டைஎலக்ட்ரிக் எண்ணைக் கொஞ்சம் ஏத்தி வெச்சு ஓட்டினா நடைமுறைக்குப் போதுமான துல்லியம் வரும்.

ஜூன் 8, காலை

கிரவுண்ட் ரிங் (காயிலைச் சுத்தி வர்ற கிரவுண்ட் வளையம்) எங்க? நீங்க போட்ட படத்துல காயில் மட்டும் தனியா அந்தரத்துல நிக்குது. மின்னோட்டம் போனா எங்கயோ திரும்பி வரணும். அந்தத் திரும்பும் பாதையை நீங்க வரையலைன்னா சால்வர் தன் இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்துக்கும். ரிங் வரைஞ்சு, போர்ட்டோட நெகட்டிவ் முனையை அதுல வையுங்க. ரொம்பக் கிட்ட வெச்சா ரிங்குல எதிர் மின்னோட்டம் ஓடி இண்டக்டன்ஸைத் தின்னும். தள்ளி வெச்சா இடம் போகும். இடம் போறது பரவாயில்ல.

ஜூன் 8, இரவு 9:30

காயிலுக்குக் கீழ ஷீல்ட் (கிரவுண்ட் மறைப்பு) போடலாமான்னு ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்க. கதையை முதல்லருந்து பார்த்தா ரெண்டு பேரும் அவங்கவங்க காலத்துல நின்னு பேசறது தெரியும்.

1990ல பெர்க்லியில நூயென், மேயர் ரெண்டு பேரும் சிலிக்கான் மேலயே ஸ்பைரல் இண்டக்டர் போட்டுக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி சிலிக்கான்ல இண்டக்டர்னு சொன்னா சிரிப்பாங்க, கீழ இருக்கற சப்ஸ்ட்ரேட் (சிலிக்கான் தட்டு) எல்லாத்தையும் குடிச்சுடும்னு. வந்த க்யூவும் ஒற்றை இலக்கம்தான். 1998ல ஸ்டான்ஃபோர்ட்ல பேட்ரிக் யூவும் சைமன் வாங்கும் காயிலுக்கு அடியில வெட்டு வெட்டா ஒரு பாலிசிலிக்கான் ஷீல்ட் போட்டு, 1 முதல் 2 ஜிகாஹெர்ட்ஸ்ல க்யூ 33 சதவீதம் வரைக்கும் ஏறினதைக் காட்டினாங்க. முழுத் தகடா போட்டா அதுலயே சுழல் மின்னோட்டம் ஓடி இண்டக்டன்ஸ் போயிடும். காயிலோட மின்னோட்டத் திசைக்குச் செங்குத்தா வெட்டினதுதான் அதுல உள்ள சாமர்த்தியம். 2000ல ஜான் லாங் மோனோலித்திக் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு முழு நீளக் கட்டுரை எழுதி இன்டர்லீவ், ஸ்டேக்டு, டேப்டு எல்லா வகையையும் ஒரே இடத்துல கொண்டுவந்தார். இன்னைக்கும் புதுசா வர்றவங்களுக்கு நான் அதைத்தான் முதல்ல படிக்கச் சொல்வேன்.

2002ல வந்தது கால்டெக்ல ஆவோகி, கீ, ரட்லெட்ஜ், ஹஜிமிரி. 0.35 மைக்ரான் சிமாஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட 2 வாட், சிப்புக்கு வெளியில மேட்சிங் (இம்பிடன்ஸைப் பொருத்தற சர்க்யூட்) எதுவுமே இல்ல. ஒரே பிரைமரியா வைக்காம, டிரான்சிஸ்டர் ஜோடிகளை வளையமா சுத்தி நிறுத்தி, ஒவ்வொரு ஜோடியும் தன் பங்குக்கு ஒரு சின்ன நேர்கோட்டுப் பிரைமரியை ஓட்டுது. உள்ள ஒரே செகண்டரி எல்லாத்தையும் தொடரா கூட்டுது. சுத்து ஏத்தி ரேஷியோ தேடற ஆசையையே விட்டுட்டாங்க. ஒரு சுத்துக்கு ஒரு சுத்துதான் க்யூவுக்கு நல்லதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, ரேஷியோவைக் கூட்டல்ல எடுத்துக்கிட்டாங்க. நான் ரொம்ப ரசிச்ச டிசைன் அது. அதை வெச்சு ஆக்ஸியம் மைக்ரோடிவைசஸ்னு கம்பெனி வந்து, செல்ஃபோன் சிமாஸ் பவர் ஆம்ப்ளிஃபயர் வித்து, 2009ல ஸ்கைவொர்க்ஸ் அதை வாங்கிக்கிச்சு.

ஷீல்டுக்கு வர்றேன். 5.5ல போடலாம், லாபம் இருக்கும், செல்ஃப் ரெசனன்ஸ் (காயில் தானாவே ரெசனேட் ஆகற ஃப்ரீக்வென்சி) கொஞ்சம் கீழ வரும், தாங்கும். 28, 60 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போனா அந்தக் கூடுதல் கெப்பாசிட்டன்ஸ் கட்டுப்படியாகாது, காயிலும் அவ்வளவு சின்னதா ஆயிடும். அங்க நிறைய பேர் ஷீல்டை விட்டுடறாங்க.

ஜூன் 10, இரவு 11:40

28ன்னதும் ஒரு கேள்வி: "கேயும் க்யூவும் பெருக்கல்னு சொன்னீங்க, ஆனா 5ஜி பேப்பர்ல எல்லாம் வேணும்னே கே 0.3, 0.4ன்னு போடறாங்களே, அவங்களுக்குப் பைத்தியமா?"

நல்ல கேள்வி. ஜூன் 4ல நான் எழுதினது ஒரே ஃப்ரீக்வென்சிக்கு. பேண்ட்விட்த் வேணும்னா விளையாட்டே வேற.

ரெண்டு பக்கமும் கெப்பாசிட்டர் வெச்சு ஒரே ஃப்ரீக்வென்சிக்கு ட்யூன் பண்ணினா டிரான்ஸ்ஃபார்மர் கப்பிள்டு ரெசனேட்டர் ஆயிடுது, உச்சி ரெண்டா பிரியும். ஒண்ணு, நடு ஃப்ரீக்வென்சியை 1 + கேயோட வர்க்கமூலத்தால வகுத்தது. இன்னொண்ணு 1 − கேயோட வர்க்கமூலத்தால வகுத்தது. நடு 28, கே 0.3ன்னா 24.6ம் 33.5ம். லோடோட டேம்பிங்ல நடுவுல உள்ள பள்ளம் நிரம்பி மேசை மாதிரி ஆயிடும். 24.25ல தொடங்கற என்258, 29.5ல முடியற என்257, இந்த ரெண்டு 5ஜி பேண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயர்ல தொடறதுக்கு இது ஒரு வழி. கே 0.8ன்னா மேல் உச்சி 63க்கு ஓடிப்போயிடும், கையில மிச்சம் கீழ் உச்சி ஒண்ணுதான்.

இதுக்குக் கூலி உண்டு. க்யூ 15, கே 0.8ன்னா உச்ச எஃபிஷியன்சி 85 சதவீதம், லாஸ் 0.7 டெசிபெல். கே 0.3ன்னா 64 சதவீதம், 1.9 டெசிபெல். பேண்ட்விட்த்துக்கு 1.2 டெசிபெல் விலை. பவர் ஆம்ப்ளிஃபயரோட கடைசி மேட்சிங்ல அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனசு வராது. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நடுவுல வர்ற டிரான்ஸ்ஃபார்மர்ல தாராளமா கொடுப்பேன். பேப்பர்ல 0.3 பார்த்தா அது எந்த இடத்து டிரான்ஸ்ஃபார்மர்னு முதல்ல பாருங்க.

ஜூன் 11

தடி மெட்டல் பத்தி ஒரு சின்னச் சேர்ப்பு. தாமிரத்துல ஸ்கின் டெப்த் 5.5ல 0.9 மைக்ரான், 28ல 0.4. 28ல மெட்டலை 3லிருந்து 6 மைக்ரானாக்கினா பாதி லாஸ்னு கனவு காண வேண்டாம், உள்ளே மின்னோட்டமே போகாது. அகலமும் அதே கதை: சுத்தோட உள் ஓரத்துல மின்னோட்டம் கும்பலா நிக்கும். ஒரு எல்லைக்கு மேல அகலத்தைக் கூட்டினா கூடறது கெப்பாசிட்டன்ஸ்தான்.

ஜூன் 14, இரவு 10:00

சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லாத மாணவர்கள் தனியா கேட்டிருந்தாங்க, பொதுவுலயே எழுதறேன். ஜெர்மனியில ஐஎச்பி ஆராய்ச்சி நிறுவனத்தோட எஸ்ஜி13ஜி2 ப்ராசஸ் பிடிகே (டிசைன் பண்றதுக்கான கோப்புத் தொகுப்பு) திறந்த மூலமா கிடைக்குது. மேல ரெண்டு தடி அலுமினியம்: ஒண்ணு 3 மைக்ரான், கீழ 2 மைக்ரான். ஸ்டேக்டு பழகறதுக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. இலவச இஎம் சிமுலேட்டருக்கு ஓப்பன்இஎம்எஸ் இருக்கு, கத்துக்கக் கொஞ்சம் பொறுமை வேணும். இண்டக்டன்ஸும் கேயும் மட்டும் போதும்னா எம்ஐடியோட ஃபாஸ்ட்ஹென்றி போதும், ஆனா அதுல கெப்பாசிட்டன்ஸ் வராது. அந்தப் பாலத்தை நீங்களே கையால கணக்குப் போட்டு சேர்த்துக்கணும். ஆர்எஃப் ஐசி பாடம் வேணும்னா ஐஐடி மெட்ராஸோடது என்பிடெல் இணையதளத்துல இருக்கு.

ஜூன் 14, இரவு 10:25

அளக்கறது பத்தியும் ஒரு வரி. பேலன் மூணு போர்ட், உங்க லேப்ல ரெண்டு போர்ட் அனலைசர். எல்லாரும் பண்றது: ரெண்டு பேலனை முதுகோடு முதுகா ஒட்டி, ரெண்டு ஓரத்துலயும் ஜிஎஸ்ஜி (கிரவுண்ட்-சிக்னல்-கிரவுண்ட்) ப்ரோப் வெச்சு, ஓப்பன்-ஷார்ட் அளவுகளை வெச்சு பேடோட பங்கைக் கழிச்சு, மொத்த லாஸைப் பாதியாக்கறது. லாஸுக்கு இது சரி. பேலன்ஸுக்கு ஒண்ணும் சொல்லாது. முதல் பேலன் பண்ணின கோணலை ரெண்டாவது பேலன் நிமிர்த்திடும், ரெண்டும் சேர்ந்து யோக்கியமா தெரியும். பேலன்ஸ் பார்க்கணும்னா செகண்டரியை ஒரு பக்கம் ப்ரோப் பண்ணி, பிரைமரி முனைகள்ல ஒண்ணை சிப்புலயே 50 ஓம்ல முடிச்சு ஒரு அமைப்பு, இன்னொண்ணை முடிச்சு இன்னொரு அமைப்புன்னு டெஸ்ட் சிப்புல ரெண்டு வேணும். இடம் இல்லைம்பாங்க. கேட்டு வாங்குங்க.

ஜூன் 17, இரவு 9:15

கேட்டவர் திரும்ப வந்து, இன்டர்லீவ்லயே இருந்துட்டேன், இணையா 0.58 வெச்சேன், ரிங் போட்டு ஓட்டினா 21 ஓம் வருது, டிரான்சிஸ்டரை அதுக்கேத்த மாதிரி அளவு மாத்திட்டேன்னு எழுதியிருக்கார். ட்யூனிங்குக்கு பிரைமரி பக்கம் 1.44 பிக்கோஃபாரட் தேவைப்படும், அதுல டிரெயின் கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவுன்னு கழிச்சுக்குங்க. மீதியை மட்டும் வெளியில வையுங்க.

படத்துல இன்னும் ஒண்ணு உறுத்துது. பிரைமரி போர்ட் இடது பக்கம், செகண்டரி போர்ட் வலது பக்கம். பிரைமரி ஒரு சுத்துன்னா சென்டர் டேப் (சப்ளை தர்ற நடு முனை) நேர் எதிர்ல, வலது பக்கம்தான் வரும், செகண்டரி முனைங்க நிக்கற அதே இடத்துல. மேல் மெட்டல்ல வெளியில எடுக்க வழியில்ல, கீழ இறங்கித்தான் போகணும். சப்ளை மின்னோட்டம் முழுசும் அதுல. மெல்லிசு மெட்டல் ஒரு சதுரத்துக்கு 100 மில்லிஓம்னு வைங்க. 60 மைக்ரான் நீளம், 12 மைக்ரான் அகலம், அஞ்சு சதுரம், அரை ஓம். 250 மில்லிஆம்பியர் இழுத்தா 125 மில்லிவோல்ட் அங்கயே காலி. 1.2 வோல்ட் சப்ளையில பத்துல ஒரு பங்கு, எலக்ட்ரோமைக்ரேஷன் (மின்னோட்டம் மெட்டலை அரிக்கறது) விதி என்ன சொல்லுதுன்னு பார்க்கறதுக்கு முன்னாடியே. மூணு நாலு மெட்டலை வயா (அடுக்கு இணைப்பு) போட்டு ஒண்ணா கட்டினா தாங்கும். அந்தக் கம்பியோட இண்டக்டன்ஸை 11 ஜிகாஹெர்ட்ஸ்ல காமன் மோடு (ரெண்டு பக்கமும் ஒரே ஃபேஸ்ல ஆடறது) பார்க்கும், அதனால பைபாஸ் கெப்பாசிட்டரை அதோட வாயிலயே வையுங்க, பேடுகிட்ட இல்ல.

டேப்பை எந்த மெட்டல்ல எடுத்திருக்கீங்க? லேஅவுட்டை அந்த மூலையில மட்டும் பெருசாக்கி ஒரு படம் போடுங்க.